கம்ப்ரஸர் அண்ணனுக்குக் கேட்காத சத்தம்

அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அரிசி மில்லின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கம்ப்ரஸர் கொட்டகைக்குள், கவிழ்த்துப் போட்ட ஆயில் டின் மேல் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு கடலையாக உடைத்து, தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பெரிய இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. இரும்புப் பெட்டிக்குள் யாரையோ அடைத்து வைத்திருப்பது போலவும், அந்த ஆள் உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பது போலவும் ஒரு சத்தம். நெல் காயும் களத்தைத் தாண்டி வரும்போதே எனக்கு அது கேட்டுவிட்டது. கொட்டகை வாசலுக்கு வந்தபோது காலுக்கடியில் தரை அதிர்வது தெரிந்தது. அவர் இன்னொரு கடலையை எடுத்து உடைத்தார்.

பின்னால் எத்தனையோ நடந்துவிட்டது. தீ, ரத்தம், விசாரணை எல்லாம் பார்த்துவிட்டேன். இருந்தாலும் தனியாக இருக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஒரு நிமிடம்தான். ஆபத்து பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் நிம்மதியாக இருந்தார்.

மில்லில் எல்லாருக்கும் அவர் கம்ப்ரஸர் அண்ணன். ஐம்பது வயது இருக்கும். இளமையில் கல் குவாரிகளில் பாறைக்குத் துளை போடும் கம்ப்ரஸர்களோடு அலைந்தவர். செஞ்சியைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்? அந்த வேலை அலுத்துப்போய் எங்கள் மில்லுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கிக்கு மாறுவார். சாயங்காலம் அதே வெள்ளை, கறைபடாமல் வெளியே போகும். பேச்சு எப்போதும் உரக்கத்தான். டீக்கடையில் அவர் டீ சொன்னால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும் என்று கேலி செய்வோம். அது சுபாவம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவள். கல்யாணமாகி, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு அந்த மில்லில் சேர்ந்தேன். எங்கள் நைனா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்தவர். மகள் அந்த நெல்லையே மிஷினில் பார்த்துப் பிரிக்கும் வேலைக்குப் போனதில் அவருக்குப் பெருமை. என் வேலை கலர் சார்ட்டர் என்ற இயந்திரத்தோடு. அரிசி ஓடையாக வழுக்கி விழும்போது உள்ளே இருக்கும் கேமரா கறுப்பரிசியைக் கண்டுபிடிக்கும். உடனே ஒரு துளை வழியாகக் காற்று பீறிட்டு அந்த ஒரு மணியை மட்டும் தள்ளிவிடும். அந்தக் காற்றை அனுப்புவது பின்னால் கொட்டகையில் ஓடும் கம்ப்ரஸர். அங்கே மூச்சு நின்றால் இங்கே என் மிஷின் நின்றுவிடும். ஒருவரை ஒருவர் அதிகம் பார்க்காமலே நானும் அவரும் ஒரே குழாயில் கட்டப்பட்டிருந்தோம்.

கம்ப்ரஸர் கேட்பது அதிகமில்லை. தூசி இல்லாத காற்று, நல்ல ஆயில், சூடு தணிய இடம். மில்லில் தூசிக்குக் குறைவில்லை. உமி பறந்துகொண்டே இருக்கும். அந்தத் தூசியைத் தடுக்கும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து ஊதுவார். கிழிந்திருந்தால் புதிது போடுவார். டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைக் காலையில் திறந்துவிடுவார். ஆயில் மட்டத்தைக் கண்ணாடி வட்டத்தில் பார்ப்பார். தேன் நிறம் போய்க் கறுத்தால், இயந்திரம் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவார். சூட்டில்தான் அழுக்கு சேர்ந்து வெளியே வருமாம். அவரை நம்பி மற்றவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம்.

அன்றைக்கு நான் போனதற்குக் காரணம் இருந்தது. என் மிஷினின் காற்றுத் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு வர ஆரம்பித்திருந்தது. வெள்ளை அரிசியில் மஞ்சள் பொட்டுகள். போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கொட்டகைக்கு வந்து பார்த்தால், போன் அவர் காலருகில்தான் இருந்தது.

முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வா தங்கச்சி. கடல சாப்டு."

"அண்ணா, மிஷின் தட்டுது."

அவர் கண் என் வாயைப் பார்த்தது. அதுவரை கவனித்ததில்லை, அவர் எப்போதுமே பேசுகிறவர்களின் வாயைத்தான் பார்ப்பார்.

"எங்க தட்டுது? ஒண்ணும் இல்லியே," என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, இயந்திரத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சட்டென்று கையை எடுத்து ஸ்விட்சை அணைத்தார். மடியிலிருந்த கடலைத் தோல் எல்லாம் தரையில் சிதறியது.

நின்றுபோன இயந்திரத்தின் பக்கத்தில் அவர் மறுபடி ஆயில் டின் மேல் உட்கார்ந்தார். தானாகவே சொல்ல ஆரம்பித்தார். முதலில் போனது சர்ச் மணிச் சத்தமாம். அவர் ஊர்க் கோயிலில் காலையில் மணி அடிக்கவில்லை என்று மணியடிக்கும் கோயில் பிள்ளையோடு சண்டைக்கே போயிருக்கிறார். "ஏன்யா அடிக்கல, பூசைக்கு லேட்டாயிடுச்சுன்னு கேட்டேன். அவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். வீட்டுக்கு வந்து இவகிட்ட கேட்டா, தெனமும்தான் அடிக்குது, உனக்கு இன்னா ஆச்சுன்றா." அதற்குப் பிறகு குருவி, குழம்பு கொதிப்பது, சின்ன மகளின் குரல். ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. குவாரியில் காதில் பஞ்சுகூட வைக்காமல் கழித்த வருஷங்களின் பலன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. பெரியவ நர்சிங் படிச்சிக்கினு இருக்கா."

"நான் சொல்லல. நீங்களே முதலாளிகிட்ட சொல்லுங்க. நானும் கூட வரேன்," என்றேன். அவருக்கு என் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் வந்து உள்ளே தேய்ந்துபோன பேரிங்கை மாற்றினார். பழைய பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, அண்ணன் தானாகவே என்னிடம் வந்து, "வெள்ளிக்கெழம போலாம்," என்றார்.

முதலாளி வயதானவர். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் மில்லுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் நிர்வாகம் அவருடைய மருமகன் கையில். அவரை நாங்கள் மாப்பிள்ளை சார் என்போம். அந்த வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணன் முதலாளி முன்னால் போய் நின்று, தனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கை நல்லா இருக்குதில்ல? கண்ணு இருக்குதில்ல? வேலையைப் பாரு," என்றார். என் பக்கம் திரும்பி, "நீ காலையில ஒருவாட்டி போய் சத்தத்தைக் கேட்டுட்டு வாம்மா. மாப்பிள்ளைகிட்ட இத்த எடுத்துக்கினு போவ வேணாம். அவரு ஒரு மாதிரி," என்றார்.

அப்படித்தான் நான் அவருடைய காதானேன். காலையில் வந்ததும் கொட்டகைக்குப் போவேன். இயந்திரம் ஓட, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும்போது நோயாளியின் வீட்டுக்காரர் நிற்பது போல நிற்பார். "நல்லா இருக்குது," என்று சொன்னதும்தான் தோள் இறங்கும். "வால்வு பக்கம் சீத்துனு ஒரு சத்தம்," என்றால் உடனே ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார். பல மாதம் அப்படியே ஓடியது. என் அரிசியில் மஞ்சள் பொட்டு இல்லை. நானும் அவரும் ஒரு இயந்திரத்தை ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டோம் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பொங்கல் முடிந்து அறுவடை வந்தது. அந்த நாட்களில் செஞ்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கமிட்டி என்று நாங்கள் சொல்லும் விற்பனைக்கூடத்தில் நெல் மலையாகக் குவியும். சாலையோரம் முழுக்க லாரி. மில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அண்ணன் கேட்டார், மாப்பிள்ளை சார், "சீசன் முடியட்டும், இப்ப நிறுத்த முடியாது," என்றார். ஃபில்டர் அடைத்துக்கொண்டது. புதியது ஸ்டாக் இல்லை. பழையதையே திரும்பத் திரும்ப ஊதிப் போட்டார். குறைந்த ஆயிலுக்கு மேல் ஊற்றி ஊற்றி ஓட்டினார்கள். எங்கேயோ லூசில் வாங்கிய ஆயிலையும் ஒருமுறை நைட் ஷிஃப்டில் யாரோ ஊற்றியிருந்தார்கள். எந்த ஆயில் என்று காலையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்த முறை காது காட்டிக்கொடுக்கவில்லை. இயந்திரம் தட்டவும் இல்லை, சீறவும் இல்லை. மாறியது வேறு. கம்ப்ரஸரிலிருந்து டேங்குக்குப் போகும் பெரிய குழாயின் பெயிண்ட் பழுப்பாகி, பிறகு கொப்பளித்தது. பக்கத்தில் போனால் வடைச்சட்டியில் எண்ணெய் தீய்ந்த வாசனை. காற்றை அழுத்தினால் சூடேறும். அடைத்த ஃபில்டரும் கெட்ட ஆயிலும் சேர்ந்தால் அந்தச் சூடு அளவுக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் ஆயில் குழாய்க்குள்ளேயே வெந்து கரியாகப் படியும். படிந்த கரி வழியை அடைக்கும். சூடு இன்னும் ஏறும். டிப்ளமா புத்தகத்தில் இரண்டு வரியில் படித்தது. பெயிண்ட் கொப்பளித்த குழாயின் முன்னால் நின்றபோது அந்த இரண்டு வரியின் அர்த்தம் புரிந்தது.

மாப்பிள்ளை சாரிடம் சொன்னேன். "நீ உன் மிஷினைப் பாரும்மா," என்றார். வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்கே வந்து, குழாய்க்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பட்டென்று இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நிறுத்திடுங்க. எது ஆனாலும் நிறுத்திடுங்க," என்றார். மருமகன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையே திண்டிவனத்திலிருந்து ஃபில்டரும் சரியான ஆயிலும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்றார்கள். அதுவரைக்கும் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மில் நின்றது. அவ்வளவு பெரிய இடத்தில் சத்தம் இல்லாமல் போனால் ஒரு மாதிரி இருக்கும். ராஜகிரிக் கோட்டை மலை மேலே கத்தும் குரங்குகூடக் கேட்டது. அண்ணன் சர்ச்சில் பூசைக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன. ஒரு தட்டில் கிருஷ்ணாயில் என்று நாங்கள் சொல்லும் மண்ணெண்ணெயை ஊற்றி அவற்றை ஊறப்போட்டு, குழாயைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். கை நுழையும் குழாய்க்குள் விரல் நுழையும் வழிதான் மிச்சம். மற்றதெல்லாம் தார் மாதிரி, பாதி பிசின், பாதி கரி.

"நேத்து வரைக்கும் இது பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தேன்," என்றார்.

அதைச் சுரண்டினோம். கம்பியால் குத்தினோம். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடி சுரண்டினோம். மதியம் நெருங்கியும் வளைவுக்குள் இருந்த கரி விடவில்லை. மாப்பிள்ளை சார் வந்து எட்டிப் பார்த்தார். வெளியே லாரி டிரைவர்கள் அவரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான்.

"எப்ப ஓடும்?"

"நாளைக்கு சார். இத்த நல்லா சுரண்டி, கழுவி, வெயில்ல காய வச்சித்தான் மாட்டணும்," என்றார் அண்ணன்.

"கிருஷ்ணாயில் ஊத்தினா உட்டுப் போயிடுமே."

"கூடாது சார்," என்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். "போல்ட்டுக்குப் பரவாயில்ல. காத்து போற பாதையில அது ஒரு சொட்டு நின்னாலும் ஆவியாயிடும். உள்ள இருக்கற சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பத்திக்கும்," என்றேன். டீசல் என்ஜின் எப்படி நெருப்புக்குச்சி இல்லாமல் எரிகிறதோ அப்படி என்றும் சொன்னேன். அவர் வெளியே நின்ற லாரிகளைத் திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

குழாயைக் களத்தில் வெயிலில் வைத்துவிட்டு அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்பிடப் போனார். நான் சார்ட்டரின் காற்றுத் துளைகளைத் துடைத்து முடித்துவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் அறை வாசலில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு. பாதி சாப்பிட்டிருப்பேன். மூட்டை தூக்கும் ஒருவர் கை கழுவ குழாயடிக்கு வந்தார். சோப்பு போட்டார், முகர்ந்து பார்த்தார், மறுபடி சோப்பு போட்டார்.

"இன்னாண்ணா, போவ மாட்டேங்குதா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"கிருஷ்ணாயில் நாத்தம்மா. அந்தப் பைப்பை சார் ஊத்திக் கழுவச் சொன்னாரு. ஒரு கேன் ஊத்தினோம். பளபளன்னு ஆயிடுச்சு. மாட்டியும் குடுத்துட்டோம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, களத்துக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் மோட்டார் சத்தம் எழுந்தது.

நடந்தது எனக்கு இப்படித்தான் பிறகு தெரிந்தது. சாப்பிட்டுத் திரும்பி வந்த அண்ணனிடம், குழாய் காய்ந்துவிட்டது, ஆளை வைத்து மிச்சக் கரியையும் சுரண்டி எடுத்து மாட்டிவிட்டோம் என்று மாப்பிள்ளை சார் சொல்லியிருக்கிறார். எதைக் கொண்டு கழுவினார்கள் என்று சொல்லவில்லை. அண்ணன் புது ஃபில்டரைப் போட்டார். புது ஆயிலை ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார். அவருக்கு வாசனைகூடவா தெரியவில்லை என்று பின்னால் கேட்டார்கள். காலையிலிருந்து தட்டு நிறைய மண்ணெண்ணெயில் போல்ட்டு ஊறிய கொட்டகையில் என்ன வாசனை தனியாகத் தெரியும்?

நான் ஓடினேன். களத்தில் காய்ந்த நெல்லை மிதித்துக்கொண்டு ஓடினேன். "அண்ணா, நிறுத்துங்க" என்று கத்தினேன். குழாயடியில் நின்றவர் கத்தினார். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்குக் கேட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டது. கொட்டகைக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இயந்திரத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து அவர் நின்றுகொண்டிருந்தார். அதிர்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். முகம் அந்தக் குழாயின் வளைவுக்கு நேராக இருந்தது.

கையில் டிபன் பாக்ஸின் மூடி இருந்தது. ஏன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று தெரியாது. எறிந்தேன். தோளில் பட்டது. அவர் திடுக்கிட்டு, திரும்பி, ஓரடி என் பக்கம் வந்தார். என் வாயைப் பார்த்தார். "நிறுத்து" என்று கத்தினேன். மரியாதை எல்லாம் அப்போது எங்கே. அவருக்குப் புரிந்தது. ஸ்விட்சை நோக்கிக் கை போனது.

வெடித்த சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. குழாயின் வளைவு பிய்த்துக்கொண்டு, அவர் முகம் இருந்த இடத்தின் வழியாகப் போய்க் கூரையைத் துளைத்தது. அதன் பின்னால் ஒரு நாக்கு போல நெருப்பு. கூரைத் துண்டுகள் மழையாக விழுந்தன. புகைக்குள்ளிருந்து அவர் தவழ்ந்து வெளியே வந்தார். வலது கை தோளிலிருந்து விரல் வரை வெந்திருந்தது. ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை எரிந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன்தான் மெயின் ஸ்விட்சை இறக்கினார். லாரிக்காரர் ஒருவர் ஈரச் சாக்கைப் போர்த்தி அவரைத் தூக்கினார். முதலில் செஞ்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ். ஆம்புலன்ஸில் நான் கூடவே போனேன். வழியெல்லாம் என்னிடம் ஒன்றையே கேட்டார். "தங்கச்சி, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?" இல்லை என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை மீறி என் பக்கம் முகத்தைத் திருப்ப அவரால் முடியவில்லை, என் வாயைப் பார்க்க முடியவில்லை. அவர் இடது கையைப் பிடித்து, இல்லை என்பது போலத் தட்டிக்கொண்டே வந்தேன். புரிந்ததோ என்னவோ.

சில நாள் கழித்து விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். மில் ஆபீஸ் அறையில் எல்லாரையும் உட்கார வைத்தார். முதலாளி சுவரோரம் நாற்காலியில். மாப்பிள்ளை சார்தான் பேசினார். ஆப்பரேட்டருக்குக் காது கேட்காது, அதை மறைத்து எங்களை ஏமாற்றி வேலை பார்த்திருக்கிறான், அவன்தான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியிருக்கிறான், எல்லாரும் கத்தியும் அவன் நிறுத்தவில்லை என்றார். மூட்டை தூக்குபவர்கள் தலையைக் குனிந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அவர்கள் அதே கேட் வழியாக உள்ளே வர வேண்டும்.

நான் எழுந்தேன். "அவருக்குக் காது கேக்காது. அது நெஜம்தான் சார்," என்றேன். "ஆனா மறைக்கல. முதலாளிகிட்ட சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன். கிருஷ்ணாயில் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளை சார்கிட்ட சொன்னோம். அவரு சாப்பிடப் போனப்புறம் ஊத்தினாங்க."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். அந்தப் பெரியவர் தன் மகளுடைய வாழ்க்கையை அந்த நேரத்தில் நினைத்திருப்பார். பேரப் பிள்ளைகளை நினைத்திருப்பார். கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொன்னான்," என்றார். "நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன்." பிறகு மருமகன் பக்கம் திரும்பாமலே கேட்டார். "கேனை யாரு எடுத்தாந்தது, மாப்ள?"

மருமகன் மறுபடியும் தரையைப் பார்த்தார். அந்த அறையில் அதற்கு மேல் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை.

அண்ணனின் சிகிச்சையும் மகளின் படிப்பும் நிற்காமல் முதலாளி பார்த்துக்கொண்டார். மருமகன் அதற்குப் பிறகு மில்லுக்கு வரவில்லை. எனக்கும் முதலாளியிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. இனிமேல் வர வேண்டாம் என்று. கோபத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த அறை ஞாபகம் வரும். நான் அவரை மனசுக்குள் திட்டியதில்லை.

அண்ணன் இப்போதும் இருக்கிறார். வலது கை மடங்காது. மிச்சமிருந்த கொஞ்சம் காதும் அன்றைக்கே போய்விட்டது. பெரிய மகள் நர்ஸாக இருக்கிறாள். அவர் ஊரான மண்டகப்பட்டுப் பக்கம் போகும்போது வீட்டுக்குப் போவேன். வாசலில் உட்கார்ந்திருப்பார். பின்பக்கமிருந்து வந்தால் அதிர்ந்துவிடுவார் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்த்தான் நிற்பேன். என்ன பேசினாலும் அந்த நாளைப் பற்றி மட்டும் பேசமாட்டார். ஒரே ஒருமுறை, நான் கிளம்பும்போது, "நீ அன்னிக்கு இன்னா கத்தின?" என்று கேட்டார். "நிறுத்துன்னு," என்றேன். "அதான் பாத்தேன்," என்றார். "வாய் அவ்ளோ பெருசா தொறந்து இருந்துச்சு. அதுக்கு முன்னயும் கத்தினன்னு சொன்னாங்களே, அது இன்னா?" அண்ணா என்று கூப்பிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் இப்போது கம்ப்ரஸர் சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். மில், குவாரி, வண்டிப் பட்டறை என்று சுற்றுவேன். இப்போது வருவதெல்லாம் நவீன இயந்திரங்கள். காது வேண்டாம், கை வேண்டாம். ஃபில்டர் அடைத்தால், ஆயில் நேரம் முடிந்தால், சூடு ஏறினால், முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து எச்சரிக்கும். சென்ற வாரம் அனந்தபுரம் பக்கம் ஒரு மில்லுக்கு, வேறு வேலையாகப் போயிருந்தேன். அறுவடை நேரம். கம்ப்ரஸர் அறையைக் கடக்கும்போது நின்றேன். சத்தம் சுத்தமாக இருந்தது. முகப்பைப் பார்த்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

அதைப் பிரித்தேன். உள்ளே விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறதோ.

"இத யாரு ஒட்டினது?"

ஆப்பரேட்டருக்கு முப்பது வயதிருக்கும். நல்ல மாதிரியான ஆள். எனக்கு டீ சொல்லிவிட்டு வந்திருந்தார். "நான்தான் மேடம். எரிஞ்சிக்கினே இருந்துச்சா, டென்ஷனா இருந்துச்சு. மத்தபடி மிஷின் சூப்பரா ஓடுது."

"நிறுத்துங்க."

"ஒரே ஒரு லோடு மேடம். லாரி நிக்குது. அது போயிடட்டும்."

அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். கையை நீட்டி அணைத்துவிட்டேன். இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியது. பின்னாலேயே சார்ட்டர் நின்றது, நெல் தூக்கும் எலிவேட்டர் நின்றது, மில் முழுக்க ஒவ்வொன்றாக அமைதியானது. உள்ளேயிருந்து யாரோ பதறிப்போய்க் குரல் கொடுத்தார்கள்.

"இன்னா ஆச்சு? அங்க இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னும் ஒண்ணும் ஆவல."